உங்கள் கோபத்தில் ஈரம் அதிகம்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வயது 28. நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். ஐந்து வருடம் ஒருவரைக் காதலித்தேன். போன தை மாதம் போன் செய்து, ‘ஜாதகம் சேரவில்லை, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்றார். நாலு நிமிஷம்தான் பேசினார். வைகாசியில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அழுது முடித்த பிறகு ஆத்திரம் வந்தது. அவரை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதி ஊரையே சிரிக்க வைக்க வேண்டும் என்று உட்கார்ந்து 43 பக்கம் எழுதினேன். தோழி படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, அழுதாள். ‘பாவம்டி நீ’ என்றாள். அவர் செய்ததைவிட அது எனக்கு அவமானமாக இருந்தது. இதை எப்படிச் சிரிக்க வைப்பது? அவர் பெயரைப் போடலாமா? எழுதியதை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

43 பக்கத்தையும் படித்துவிட்டேன். ஒரு வார இதழின் நகைச்சுவைப் பக்கங்களை 26 வருடம் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன். சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று எழுதப்பட்ட சோகம் என் மேசைக்கு எவ்வளவோ வந்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் சரக்கு இருக்காது. உங்களுடையதில் இருக்கிறது, ஆனால் அடியில் கிடக்கிறது.

17-ஆம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘மன்னார்குடி மதிலழகு என்பார்கள். அந்த மதில் மேல் ஐந்து வருடம் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.’ படித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். இப்படி எழுதத் தெரிந்தவர் மற்ற பக்கங்களில் ‘துரோகி’ என்று 61 முறை எழுதுவானேன்? எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம் அந்த எரிமலை. மூன்று இடத்தில் உங்கள் நெஞ்சில் எரிமலை வெடிக்கிறது. உங்கள் ஊரில் மலையே கிடையாது, இதில் எரிமலைக்கு எங்கே போவது? மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வந்த பிறகும் கடைமடை வாய்க்காலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் முகம் உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடம் அந்த முகத்தோடு இருந்தவர் நீங்கள். அதை எழுதுங்கள்.

பெயர் போடலாமா என்றால், கூடாது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

தோழி ஏன் அழுதாள் என்பதை உங்கள் தொழில் கணக்கிலேயே சொல்லிவிடலாம். கொண்டுவந்து கொட்டிய நெல்லை நிலையத்தில் மீட்டரில் போட்டுப் பார்க்கிறீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சிப்பம் கட்ட முடியும். மழை பிடித்துக்கொண்ட வருடங்களில் 22 வரை தளர்த்தச் சொல்லி டெல்டாவே கேட்கும், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போகும். உங்கள் 43 பக்கம் நேற்று அறுத்த நெல். 22 கொடுத்தாலும் தேறாது. அதற்காக அது கெட்ட நெல் என்று நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் அல்லவா? ரோட்டில் கொட்டிக் காய வைத்து எடுத்து வாருங்கள் என்பீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன்.

காய வைப்பது என்றால் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது இல்லை. யாராவது ஒருவர் வெயிலில் நின்று காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், அடியில் இருப்பது மேலே வர வேண்டும். ரொம்பக் காய்ந்தாலும் அரவையில் நொறுங்கிவிடும். பத்து வருடம் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் என்ன நிறச் சட்டையில் வந்தார் என்பதே மறந்து போயிருக்கும். நகைச்சுவைக்குச் சட்டையின் நிறம் வேண்டும்.

கொட்டித் தீர்த்தால் கோபம் ஆறிவிடும் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே ஒழிய இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். உங்கள் 61 துரோகியும் 61 குத்துதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை உலுக்கிய சம்பவத்தை எழுத வைத்தார். நடந்ததையும், அப்போது மனதில் ஓடியதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்திருந்தது. ஆகவே உங்கள் 43 பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள். நடந்ததும் மனதில் ஓடியதும் அதில் இருக்கிறது. அது உங்களுக்காக எழுதியது. வாசகருக்கு எழுதுவது வேறு நோட்டில்.

அந்த வேறு நோட்டை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள உங்கள் பக்கத்து ஊருக்கே போகலாம். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரம் ஒன்று இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் காளமேகப் புலவர் பசியோடு அங்கே போனார். சாப்பாடு வந்தபாடில்லை. பசித்த வயிறு, கவி வேறு. எவ்வளவு திட்டியிருக்கலாம்! அவர் பாடியது நாலே வரி. பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும். பாட்டில் காத்தானைப் பற்றி ஒரு வசைச் சொல் இல்லை. கஞ்சன் என்றோ பாவி என்றோ சொல்லவில்லை. நேரத்தை மட்டும் மூன்று இடத்தில் குறித்துக் கொடுத்தார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சத்திரம் சோறு போட்டுத் தீரவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. காத்தான் வந்து வருந்தினாராம். உடனே புலவர், அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம்: எங்கும் அரிசி அற்றுப்போன பஞ்சத்திலும் இங்கே அரிசி வந்து சேரும், உலையிலிட்டால் ஊரார் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மை வெள்ளி மீனைப்போல ஒளிவிடும். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. திட்டு நேரடியாக இருந்திருந்தால் இப்படித் திருப்பிப் போட்டிருக்க முடியுமா?

உங்களிடமும் கடிகாரம் இருக்கிறது. 4-ஆம் பக்கத்தில் ‘நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி, போனில் இன்னும் இருக்கிறது’ என்று ஒரு வரி. அதற்கு அடுத்து இரண்டு பக்கம் கண்ணீர். அந்தக் கண்ணீருக்கு நடுவில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்: போனை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பட்டியல் போட்டபோது, 38 சிப்பம் கொண்டுவந்த பெரியவருக்கு 380 என்று எழுதிவிட்டீர்கள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘பாப்பா, எனக்கு அவ்வளவு நிலம் இல்லையே’ என்றார்.

இதுதான் அம்மா கட்டுரை! அந்தப் பெரியவருக்கு உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, உங்களுக்கு என்ன எழுதினோம் என்று தெரியாது. நடுவில் அந்தச் சுழியம் உட்கார்ந்திருக்கிறது. வாசகர் சிரிப்பார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கும். இரண்டு பக்கக் கண்ணீரை எடுத்துவிட்டு இதை மட்டும் வையுங்கள், உங்கள் தோழி ‘பாவம்டி’ சொல்லத் தோன்றாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டை, அதாவது மனதில் இருப்பது உடம்பில் தெரிவதைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையை, சிரிப்பை. அடுத்தது அழுகை. இரண்டும் பக்கத்து வீடு. சிரிப்பு எங்கிருந்து பிறக்கும் என்று அங்கே நான்கு இடம் சொல்லப்படுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளல் ஒன்றுதான் அடுத்தவரைக் குத்துவது. மற்ற மூன்றும் சின்ன வயது, அறியாமை, சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெகுளித்தனம். உங்கள் 43 பக்கமும் எள்ளலிலேயே ஓடுகிறது. அதில் ஒரு தப்பும் செய்யாத ஒரே ஆள் நீங்கள். அப்பழுக்கில்லாத ஆளைப் பார்த்துப் பரிதாபப்படலாம், சிரிக்க முடியாது.

ஆனால் 29-ஆம் பக்கத்தில் உங்களை அறியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், தோழிக்குத் துணைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, குத்தாலம் பக்கத்துத் திருமணஞ்சேரிக்குப் போயிருக்கிறீர்கள். கல்யாணம் கூடி வர வேண்டிக்கொள்கிற கோயில். அர்ச்சனைச் சீட்டில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்ல வெட்கப்பட்டு, பின்னால் வரிசையில் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் வேறு நின்றதால், காதலர் பெயர், அவர் நட்சத்திரத்துக்கு மட்டும் அர்ச்சனை செய்து, ‘இவருக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டும்’ என்று வேண்டிக்கொண்டு மாலையை வாங்கி வந்தீர்கள். சாமி கொடுத்துவிட்டார். யாரோடு என்று நீங்கள் சொல்லவில்லை, அவர் என்ன செய்வார்?

இதற்குக் கீழே ‘கடவுளும் என்னைக் கைவிட்டான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அநியாயம். கேட்டதைக் கேட்டபடி செய்தவர் மேல் புகார்!

இந்தச் சம்பவத்தில் பேதைமை இருக்கிறது, இளமை இருக்கிறது, மடன் இருக்கிறது. எள்ளலும் இருக்கிறது, ஆனால் அது உங்கள் மேல் விழுகிறது. உங்களை நீங்களே இப்படி ஒரு தட்டு தட்டிக்கொண்ட பிறகு அவரைப் பற்றி என்ன சொன்னாலும் வாசகர் நம்புவார்.

அடுத்தது மொழி. கடிதத்தில் அவரை ‘அவர்’ என்கிறீர்கள். பிரதியில் ‘அவன்’. ஆனால் 31-ஆம் பக்கத்தில், டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில், மறந்துபோய் ‘அவர் கண் கலங்கியிருந்தது’ என்று வந்துவிட்டது. நாலடுக்குக் கேரியரில் மூன்றடுக்குதான் திரும்பி வந்தது என்று அடுத்த வரியிலேயே சுதாரித்துக்கொண்டீர்கள், நல்லது. என் யோசனை, கட்டுரை முழுவதும் ‘அவர்’ என்றே போடுங்கள். மரியாதை குறையாமல் இடிப்பது நம் பக்கத்துப் பழைய கலை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். ‘அவங்க ரொம்பப் பெரிய மனுஷங்க, நம்ம வீட்டுக் காப்பியெல்லாம் குடிப்பாங்களா’ என்று ஒரு வாக்கியம் போதும், எதிராளி நாலு நாள் தூங்க மாட்டார். ‘அவன்’ என்று சொன்னவுடன் வாசகர் சண்டையைப் பார்க்கக் கூட்டத்தில் நிற்கிறவர் ஆகிவிடுகிறார். ‘அவர்’ என்றால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வருவார்.

ஜாதகம் சேரவில்லை என்ற காரணத்தை நீங்கள் எட்டுப் பக்கம் வாதாடி மறுக்கிறீர்கள். வாதாட வேண்டியதே இல்லை. ஒன்பது கிரகத்துக்கும் கோயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிரதேசம் இது. செவ்வாய் என்றால் வைத்தீஸ்வரன்கோயில், சனி என்றால் திருநள்ளாறு, ராகு என்றால் திருநாகேஸ்வரம். கும்பகோணத்தில் பஸ் ஏறினால் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உலகத்திலேயே கிரகதோஷம் ஒரு சாக்காகச் செல்லுபடியாக முடியாத ஊர் ஒன்று உண்டென்றால் அது நம் ஊர்தான். ‘அவருக்கு அன்று பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். 1991-இல் எனக்கு நிச்சயமான கல்யாணம், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நின்றது. மாப்பிள்ளை வீட்டார் காரணமாகச் சொன்னது ஒரு ஸ்கூட்டர். அப்பா அதற்குள் திருவையாற்றிலிருந்து 500 வாழையிலை வரவழைத்திருந்தார். சமையல்காரரைத் திருப்பி அனுப்பலாம், பந்தலைப் பிரிக்கலாம், இலையை என்ன செய்வது? மூன்று நாள் எங்கள் வீட்டில் எல்லாமே இலையில்தான். இட்லி இலையில், உப்புமா இலையில், மோர் குடிக்க அப்பா இலையிலேயே தொன்னை தைத்தார். தெருவுக்கெல்லாம் கொடுத்தோம், அவர்கள் துக்கம் விசாரிக்க வரும்போது அதே இலையில் எதையாவது மடித்துக்கொண்டு வந்தார்கள். நாலாம் நாள் பக்கத்து வீட்டு மாடு எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து இதை எழுதினேன். முக்கால்வாசிக் கட்டுரை அந்த மாப்பிள்ளையின் மூக்கு, நடை, பேராசை. அப்போதிருந்த ஆசிரியர் அதையெல்லாம் சிவப்பு மையில் அடித்துவிட்டு இலையை மட்டும் வைத்தார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. கட்டுரை வந்தபோது வாசகர் கடிதங்கள் எல்லாம் இலையைப் பற்றி, மாட்டைப் பற்றி. பிற்பாடு தெரியவந்தது: அந்த மாப்பிள்ளையும் அதைப் படித்து ரசித்து, தன் மனைவிக்குப் படித்தும் காட்டினாராம். இலை விஷயம் அவருக்குத் தெரியாது அல்லவா, யார் வீட்டுக் கதை என்றே தெரியவில்லை. இதைக் கேட்ட அன்று நான் சிரித்த சிரிப்புக்கு ஈடு கிடையாது. மூக்கை விட்டு வைத்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

இனி பெயர் விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு அவதூறு பற்றியது. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை என்று தண்டனை இருக்கிறது. ‘நடந்ததைத்தானே எழுதினேன்’ என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும். உங்கள் காதல் முறிந்ததில் பொது நன்மை என்ன என்று மன்னார்குடி நீதிமன்றத்தில் நின்று விளக்க வேண்டிவரும். பெயரை மாற்றி, ஊர், வேலை, வண்டி நிறம் எல்லாம் அப்படியே வைத்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் அதுவும் மாட்டும். உங்கள் கடிதத்திலிருந்து இங்கே எடுத்தவற்றில்கூட அடையாளம் காட்டுகிற சிலவற்றை மாற்றித்தான் போட்டிருக்கிறேன். வாட்ஸப் பேச்சைப் படம் பிடித்துப் போடுகிற யோசனையை (38-ஆம் பக்கம்) அடியோடு மறந்துவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள். 40-ஆம் பக்கத்திலிருந்து அந்தப் புதுப்பெண்ணின் பல்வரிசையைப் பற்றி எழுதியிருப்பது சிரிப்பாக இல்லை, அசிங்கமாக இருக்கிறது. அவர் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண்ணை முழுதாக எடுத்துவிடுங்கள், அவருடைய அம்மா அப்பாவையும் சேர்த்து. நான் சிறுமியாக இருந்தபோது நடவு வயலில் பெண்கள் ஏசிப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். பெயர் வராது. வரப்பில் குடை பிடித்து நிற்கிற ஆளுக்கு மட்டும் சுருக்கென்று தைக்கும், வழியில் போகிறவர்களுக்கு வெறும் பாட்டு. அந்த அளவு போதும்.

காலால் துழாவச் சொன்னேனே, அது இப்படித்தான். எழுதுவதற்கு முன் வாயால் சொல்லிப் பாருங்கள். அவரைத் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை, அறுபது தாண்டிய, குறுக்கே பேசுகிற ஒரு அத்தையிடம் ஒருமுறை. அத்தை எந்த இடத்தில் ‘அடி போடி’ என்கிறாரோ அது நீங்கள் ஜோடித்துச் சொன்ன இடம், எடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது உங்களுக்கே குரல் உடைந்தால் அந்தப் பகுதி இன்னும் காயவில்லை, அடுத்த மாதம் பாருங்கள். குரல் உடையாமல், கை நடுங்காமல் சொல்ல முடிகிற பகுதிகளிலிருந்து 5 பக்கம் எழுதுங்கள். 5 போதும், 43 வேண்டாம்.

இன்னொன்று. 22-ஆம் பக்கத்தில் தூக்கம் வராத இரவுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது இப்போதும் தொடர்கிறது என்றால், கட்டுரை காத்திருக்கட்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கும்பகோணத்துக் கிழவி செய்ய முடியாததை அவர்கள் செய்வார்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். திருமணஞ்சேரியில் வாங்கி வந்த மாலையைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், அதுதான் முறை. 29-ஆம் பக்கத்தின்படி அது உங்கள் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் சருகாகக் கிடக்கிறது. வேண்டுதல் அவர் பெயரில். கல்யாணமும் அவருக்கு ஆகிவிட்டது. கோயிலுக்குக் கடன் பாக்கி இருக்கிறவர் அவர், மாலை இருப்பது உங்களிடம். இதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? தபாலில் அனுப்பினால் கவரின் மேல் என்ன எழுதுவது? நீங்களே கொண்டுபோனால் குருக்கள் ‘மாப்பிள்ளை எங்கே’ என்று கேட்பாரே?

முதல் வரைவு தயாரானதும் அனுப்புங்கள். என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.